பாறையில் சிக்கிய வலையை அறுக்கும் முன்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை தூண்டில் போட வருகிறவர்கள் பெரும்பாலும் நிற்பது மணலில் அல்ல, கருங்கல்லின் மேல். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ராடும் ரீலுமாக வருகிறவர்களுக்கு இடம் தருகின்றன. மீன் ஒதுங்கும் அதே கல் இடுக்கில்தான் அறுந்த வலையும் வந்து மாட்டுகிறது.

கரை ஒதுங்கும் வலைகளைப் பிரித்துப் பார்த்து, எந்த மீனுக்கான வலை, எப்படி அறுந்தது என்று பதிவு செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அதனால் தூண்டில்காரர்கள் எனக்குப் படம் அனுப்பிக் கேட்பார்கள்: "சார், ஒரு வலை கேட்பாரில்லாம கிடக்கு, அறுத்துடலாமா?" கத்தியை வெளியே எடுக்க வேண்டாம், முதலில் அது யாருடையது என்று பாருங்கள் என்பதுதான் எப்போதும் என் முதல் பதில்.

காரணம், இப்படி வருகிற படங்களில் பல கைவிடப்பட்ட வலைகளே அல்ல. நண்டு வலையை மாலையில் விட்டுவிட்டு விடியற்காலையில் வந்து எடுப்பார்கள். நடுவில் பக்கத்தில் படகே இருக்காது. அடையாளத்துக்கு ஒரு கொடி, இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், தெர்மாகோல் துண்டு, அவ்வளவுதான். திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவர் என்னிடம் கேட்டார்: "போயா வாங்க காசில்ல சார், பாட்டில் கட்டியிருக்கேன். அதுக்காக என் வலை குப்பையா?" யாரோ தூண்டில் மாட்டிய கோபத்தில் அவருடைய வலையை நடுவில் அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடன் வாங்கிப் போட்ட வலை. அறுந்து போன பாதி கடலுக்குள் போய்விட்டது, இனி அதுதான் நிஜமான பேய் வலை, அதாவது ஆளில்லாமலே மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும் வலை.

பழவேற்காடு ஏரியில் கழி நட்டுக் கட்டியிருக்கும் வலைகளைப் பார்த்தும் பலர் குழம்புகிறார்கள். அங்கே பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்தான் முறை வைத்துத் தீர்மானிக்கும். ஆளில்லாமல் நிற்கும் கழிக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார்.

சரி, கைவிடப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் முதலில் பார்ப்பது வலைக் கண்ணை. தொழிலில் இருக்கும் வலை அடிக்கடி கரைக்கு வரும், உதறுவார்கள், காய வைப்பார்கள், கிழிசலைத் தைப்பார்கள். அதனால் மிதவையில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டியிருந்தாலும் நூல் சுத்தமாக இருக்கும். நூலிலேயே பாசி படிந்து, கொட்டலசு பிடித்து, விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தால் அந்த வலை தண்ணீரிலேயே வெகுநாள் கிடந்திருக்கிறது. அப்புறம் அது கிடக்கும் விதம். ஆள் விட்ட வலை ஒரு கோடாக, விறைப்பாக நிற்கும். அனாதை வலை சுருண்டு உருண்டை கட்டியிருக்கும். விசைப்படகு இழுத்துச் செல்லும் பச்சை டிரால் வலையின் துண்டு, வெள்ளைத் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்), நீலக் கயிறு என்று வேறு வேறு தொழிலின் மிச்சங்கள் ஒரே முடிச்சில் கிடக்கும். மேல் கயிறு எங்கே அறுந்தது என்றும் பாருங்கள். முனை நார் நாராகப் பிரிந்திருந்தால் பாறையில் உரசி அறுந்ததாக இருக்கலாம். ஒரே வெட்டாக இருந்தால் கத்தியோ, கப்பலின் விசிறியோ.

இப்படி அறுந்தவை ஓரிடத்தில் நிற்பதில்லை. வாடைக்காலத்தில் நீரோட்டம் தெற்கே இழுக்கும், கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் பெரும்பாலும் வடக்கே. காசிமேட்டுக்கு நேரே தொலைந்த வலை எண்ணூரில் கரை சேர்வதில் ஆச்சரியம் இல்லை. நைலான் மக்காது. உள்ளே மாட்டிய மீன் அழுகும், அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும். யாருக்கும் பயன்படாத இந்தப் பிடிப்பு வலை கிழிந்து கந்தலாகும் வரை தொடரும். என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். ஆமைக்கு நுரையீரல்தான். வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். வலையில் சிக்கிய ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பாவம் என்று கடலிலும் தள்ளாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் ஆமை தண்ணீரில் மூழ்கியே போகும். வயிற்றுப்புறம் கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயர்த்துங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். மூக்கை விட்டுவிட்டு ஓட்டின் மேல் ஈரத்துணி போடுங்கள். தெளிய பல மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். துடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. நூல் சதைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல், சுற்றியுள்ள வலையை மட்டும் வெட்டிவிட்டு மீதியை மருத்துவருக்கு விட்டுவிடுங்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கும் எண்ணமே வேண்டாம்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். வலையைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள், ஒரு அலை பின்வாங்கினால் பாசி பிடித்த கல்லிலிருந்து உங்களையும் சேர்த்து இழுத்துவிடும். ரீல் நூலும் அப்படித்தான். பின்னல் நூலை விரலில் சுற்றி இழுத்தால் விரல் அறுபடும், ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள். வலைக்குள் கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும் காத்திருக்கும். குத்தினால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி அடங்கும், பிறகு மருத்துவரைப் பாருங்கள். வால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்பு. நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கானது அல்ல. கடித்த இடத்தில் வலியே இல்லாவிட்டாலும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இனி சந்தேகத்துக்குரிய வலைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கு, ஃபைபர் படகுக்கு அல்ல. அந்த மாதங்களில் ஃபைபர் படகு வலை விட்டால் சந்தேகப்படாதீர்கள், டிரால் இழுத்தால் சந்தேகப்படுங்கள். மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால அனுமதியும் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும்தான். ஆகவே கரையில் நிற்கிற நமக்குத் தெரியும் தூரத்தில் அது நடந்தால் கேள்விக்குரியதுதான். ஆனால் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையும் மீனை வளைக்கும், அரைவட்டமாக; அது சட்டப்படியான பழந்தொழில், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எதுவானாலும் நேரில் போய்த் தட்டிக் கேட்க வேண்டாம். படகின் பதிவு எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து மீன்வளத்துறைக்குச் சொல்லுங்கள். வலையோடு சீல் வைத்த பொட்டலமோ ஆளில்லாப் படகோ மிதந்தால் தொடாமல் 1093-க்கு, கடலோரக் காவல் குழுமத்துக்கு அழையுங்கள். கடலில் ஆபத்தில் யாராவது இருந்தால் 1554, இந்தியக் கடலோரக் காவல்படை.

கைவிடப்பட்ட வலைதான் என்று தோன்றினாலும் முதலில் பக்கத்துக் குப்பத்தில் காட்டுங்கள். அங்கே வலை காய வைத்துக்கொண்டிருக்கும் யாராவது ஒரு அண்ணன் முடிச்சைப் பார்த்தே எந்த ஊர் வலை என்று சொல்லிவிடுவார். உரியவர் இருந்தால் அவரே வந்து எடுத்துக்கொள்வார், உங்கள் ஹூக்கையும் பத்திரமாகத் திருப்பித் தருவார். யாருடையதும் இல்லை என்றால், தண்ணீருக்குள் இறங்காமல் கல்லின் மேல் கைக்கு எட்டும் அளவை மட்டும் வெட்டி எடுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பெரிய உருண்டையை மீனவர்கள் படகிலிருந்து எடுப்பதுதான் சரி, இடத்தின் லொகேஷனை அவர்களுக்கு அனுப்புங்கள். எடுத்ததை மணலில் புதைக்காதீர்கள், அரிப்பு இருக்கும் இந்தக் கரையில் அடுத்த புயலில் வெளியே வந்துவிடும். எரிக்கவும் வேண்டாம். பழைய வலைகளைச் சேகரிக்க காசிமேட்டில் மையம் இருக்கிறது, மூட்டை கட்டி அங்கே சேர்த்துவிடுங்கள். உங்கள் அறுந்த தங்கூசித் துண்டுகளையும் அதே மூட்டையில் போடுங்கள்.