பெரட்டு நேரத்தில் வேலைக்குப் போகும் நாய்

கடந்த பங்குனியில் ஒரு நாள், காலை 11 மணி இருக்கும். மலேசியாவின் தாப்பாவில் என் கால்நடைக் கிளினிக் வாசலில் ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்தட்டில் 58 கிலோ எடையுள்ள நாய் ஒன்று ஈரத் துண்டைப் போர்த்திக் கிடந்தது. எச்சில் கஞ்சிபோல் நூலிழுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு செங்கல் சிவப்பு. வெப்பமானி 41.8 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 வரைதான்.

“வேலை செய்யப் பிறந்த சாதி, டாக்டரம்மா. சும்மா கட்டிப்போட்டால் பாவம் இல்லையா?” என்றார் கூட வந்த பெரியவர். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர். ஆட்டுக்குப் புல் ஏற்றிய சிறு வண்டியில் கருப்பன் என்ற இந்த நாயைப் பூட்டி இழுக்க வைத்திருக்கிறார்.

அவர் சொன்னதில் பாதி சரி. கருப்பன் கிரேட்டர் சுவிஸ் மவுண்டன் டாக் என்ற இனம்; பெரியவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. சுவிட்சர்லாந்தில் மாட்டை ஓட்டிச் செல்வதும், பால் வண்டியும் இறைச்சி வண்டியும் இழுப்பதும், வாசலில் காவல் கிடப்பதும் அந்தக் காலத்தில் இந்த நாயின் வேலை. ரயிலும் மோட்டாரும் வந்த பிறகு அதைக் கேட்பாரில்லை. இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த காலத்தில், 1908இல் லாங்கென்டால் ஊரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு ஒருவர் இப்படியொரு நாயைக் கொண்டுவந்தார். குட்டை முடி கொண்ட பெர்னீஸ் நாய் (நீண்ட முடியுள்ள இன்னொரு சுவிஸ் மலைநாய் இனம்) என்றுதான் சொன்னார். நடுவராக இருந்த ஆல்பர்ட் ஹைம் அது பழைய பெரிய மலைநாயேதான் என்று கண்டுகொண்டார். ஹைம் தொழிலால் நிலவியல் பேராசிரியர்! இன்றும் இது அரிய இனம்தான். என் 18 ஆண்டுத் தொழிலில் நான் பார்த்தவை இரண்டே.

ஆகவே வேலை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சங்கிலியில் சும்மா கிடக்கும் மலைநாய் கொழுத்து, இடுப்பு மூட்டு கெட்டு, வருவோர் போவோரைப் பார்த்துக் குரைத்தே நாளைக் கழிக்கும். தவறு வேலையில் இல்லை, நேரத்தில் இருந்தது. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, வாயின் ஈரம் காற்றில் ஆவியாவதால்தான் சூடு இறங்குகிறது. நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்த காற்று. அது இன்னும் எவ்வளவைத்தான் வாங்கிக்கொள்ளும்? அதற்கு மேல் இரண்டு அடுக்கு முடி. ‘இனிப் போதும்’ என்று இந்த இனம் தானாக நிற்கவும் நிற்காது, விழும்வரை இழுக்கும்.

முடியை மழித்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். மேல் முடி வெயிலைத் தடுக்கிறது. உதிர்ந்த உள்முடியை வாரி எடுத்தால் போதும்.

ஈரத் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் போர்த்துகிறார்கள். சற்று நேரத்தில் துண்டு சூடாகி, வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடுகிறது. நான் முதலில் செய்தது அதை உருவி எறிந்ததுதான். வெப்பம் தாக்கி நாய் சுருண்டால் அந்த இடத்திலேயே குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறியைத் திருப்பிவிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. எழுந்து நின்றுவிட்டாலும் கொண்டுவாருங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் கெடுவது அடுத்த ஓரிரு நாளில்தான் தெரியும். கருப்பன் மூன்று நாள் சலைனில் இருந்தான்.

இனி, என்னை இன்னும் உறுத்தும் ஒன்று. இந்த இனத்தில் நான் பார்த்த முதல் நாய், ஒரு பெண் நாய். இரையெடுக்கவில்லை, ஈறு வெளிறியிருந்தது, மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. நம் பக்கம் இந்த மூன்றும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். நானும் சொன்னேன், மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் நாள் வயிற்றைத் திறந்தபோது மண்ணீரல் காம்பில் முறுக்கிக்கொண்டு கறுத்துக் கிடந்தது. இந்த இனத்துக்கு வரும் கேடுகளில் ஒன்று அது. எடுத்துப் போட்டேன், பிழைத்தது. ஸ்கேன் செய்து பார்க்காமல் இந்த நாய்க்கு உண்ணி மாத்திரை எழுதுவதை அன்றோடு விட்டேன். இரைப்பை ஊதித் திருகுவதும் இவற்றுக்கு வரும்: வயிறு மத்தளமாகும், ஓங்கரிக்கும், ஒன்றும் வெளியே வராது. அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், உண்டதும் ஓடவிடாதீர்கள்.

குட்டிக்கு எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் ஊட்டுவது பெரிய இனங்களுக்குக் கெடுதல். ஒன்றரை வயதுக்கு முன் வண்டியில் பூட்டவும் வேண்டாம். வாங்குவதற்கு முன் தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள்.

பெரியவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: “ஐயா, பெரட்டு நேரத்தில் கிளம்பிவிடுங்கள்.” மேற்கொண்டு விளக்கத் தேவையிருக்கவில்லை. விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பதியும் பெரட்டுக்கு இருட்டில் நின்று பழகிய மனிதர். இப்போது ஆறு மணிக்குப் புல்வண்டி புறப்படுகிறது. பாரம் பாதி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். தரை சுடத் தொடங்குமுன் கருப்பன் குளியலறைச் சிமெண்டில் வயிறு படியப் படுத்துவிடுகிறான். எட்டு மணிக்கு மேல் எழுந்துவந்து வண்டியருகே நின்றால் பெரியவரே அதட்டுகிறார்: “இன்றைய பேர் போட்டாயிற்று, போடா உள்ளே.”