சிலிண்டருக்குள் குறுக்குழவு

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய புல்லட்டுங்க. கோயமுத்தூர்ல குடுத்துப் போர் அடிச்சு வாங்கிட்டு வந்தேன். உள்ளே பூராவும் கீறலா இருக்குதுங்க. கண்ணாடியாட்ட இருந்ததை இப்படிப் பண்ணிப்போட்டாங்களே, இது சரிதானுங்களா?"

சரிதான். தேய்ந்த சிலிண்டரின் துளையை வெட்டிச் சீராக்குவதே போர் அடிப்பது. அதன் கடைசியில் ஹோனிங் கல்லால் வேண்டுமென்றே போடும் கீறல் அது. நீங்கள் கொடுத்த கூலியில் பாதி அந்தக் கீறலுக்குத்தான்.

பழைய 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. துளை 70 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 90 மி.மீ. அது மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங் ஓடினால்தான் அதற்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் தாங்கும். நின்றால் படலம் நசுங்கிவிடும். வெடிப்பின் அழுத்தமும் அந்த இடத்தில்தான் அதிகம். அதனால் மேல்பகுதி கூடுதலாகத் தேய்கிறது. பிஸ்டனைக் கீழே கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் முன்பின் சுவர்களில் அழுந்தி, துளை முட்டை வடிவமாகிறது. ஆகவே துளையை அளக்கும் போர் கேஜை மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் வைத்து ஆறு அளவு எடுக்க வேண்டும்.

பெரிதாக்கப்போகும் துளைக்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொடுங்கள். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பாமல், பிஸ்டனின் கீழ்ப்புறமான பாவாடைப் பகுதியில், கனெக்டிங் ராடைக் கோக்கும் பின்னுக்கு (pin) குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதற்கேற்பத் துளையை வெட்டச் சொல்லுங்கள். பிஸ்டன் அலுமினியம்; சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிஸ்டன் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் குறைத்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். துளையை அரை மில்லிமீட்டர் ஏற்றினால் 346 சிசி 351 ஆகும், அவ்வளவுதான். வேகம் கூடுமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

போரிங் டூல் இரும்பைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் கடைசி 0.05 மி.மீ. அளவை விட்டுவைத்து, ஹோனிங் கல்லால் எடுப்பார்கள். கல் சுழன்றபடியே மேலும் கீழும் போய்வர, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழுகின்றன. நெடுக்கே ஒரு சால், குறுக்கே ஒரு சால் ஓட்டிய காட்டில் மழைத்தண்ணீர் நிற்பதுபோல, சில மைக்ரான் ஆழமுள்ள அந்தச் சால்களில் எண்ணெய் தங்குகிறது. பிஸ்டன் நிற்கும் அந்த ஒரு கணத்தில் ரிங்கைக் காப்பாற்றுவது இந்தச் சேமிப்புதான். வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் செதில்களின் வாயையும் கல் திறந்துவிடுகிறது. அதுவும் ஒரு மசகு. சால்களின் நடுவே நிற்கும் கூர்முனைகள் புது ரிங்கோடு உரசி மழுங்கி மேடைகளாகின்றன. பள்ளம் அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரிந்து எஞ்சினில் இதைவிட அழகான ஏற்பாடு இல்லை.

கோடுகள் வெட்டும் கோணம் 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குக் கல் மேலும் கீழும் போகும் வேகம், சுவரைச் சுற்றி ஓடும் வேகத்தில் சுமார் 0.4 பங்கு வேண்டும். 70 மி.மீ. துளையில் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால், மேல்கீழ் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 18 மீட்டர். கை டிரில்லை ஆயிரம் சுற்றில் ஓடவிட்டு மெதுவாக இழுத்தால் கோடுகள் படுத்துவிடும். எண்ணெய் அளவுக்குமீறித் தங்கிப் புகையும். கோடுகள் செங்குத்தாக நிமிர்ந்தால் எண்ணெய் வடிந்துபோகும். வார்ப்பும் பம்பும் இத்தனை செய்யும் நம் ஊரில், இந்தச் சொரசொரப்பை அளக்கும் கருவி ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் இருக்க வேண்டும். அரசு அதற்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவு ஆகாது.

பழைய எஸ்டி (Yezdi) போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால், சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துவாரங்களான போர்ட்டுகளின் விளிம்புகளைச் சற்று மழுக்கச் சொல்லுங்கள். கூராக விட்டால் ரிங் மாட்டி ஒடியும்.

வேலை முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் மட்டும் கழுவக் கூடாது. கல்தூள் சால்களிலேயே தங்கி, ரிங்கை அரைத்துவிடும். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேயுங்கள். எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை படிவது நிற்கும்வரை விடாதீர்கள். உடனே எண்ணெய் பூசுங்கள். வெற்றிரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும். பிறகு ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளி பாருங்கள். 70 மி.மீ. துளைக்குச் சுமார் 0.28 மி.மீ. வேண்டும்.

புது போரை நாள் முழுக்க ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்திலேயே மெதுவாக, ஓடவிட வேண்டும் என்பது தலைமுறையாக வரும் மூடநம்பிக்கை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் முதுகுக்குப் பின்னால் புகும் வாயு அழுத்தம். ஐட்லிங்கில் அந்த அழுத்தம் குறைவு. கூர்முனைகள் மழுங்காமல் நிற்க, எண்ணெய் சுவரில் கருகி மினுமினுப்பாகப் படியும். அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உட்காராது. எஞ்சின் சூடானதும் மூன்றாம் கியரில் திராட்டிலைத் திருகி ஏற்றுவதும் விடுவதுமாக ஓட்டுங்கள்; மேட்டில் திணறவிட வேண்டாம். முதல் எண்ணெயை 500 கிலோமீட்டருக்குள் வடித்துவிடுங்கள். மழுங்கிய முனைகளின் இரும்புத்தூள் அதில்தான் இருக்கும்.