தூண் வடிவத் துலிப் மரத்தைச் சுவரோரம் நடாதீர்கள்

கிழக்கு அமெரிக்கக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட துலிப் மரம் மக்னோலியா குடும்பத்தைச் சேர்ந்தது; காட்டில் 30 மீட்டரையும் தாண்டி ஓங்கி வளரும். கிளைகள் விரியாமல் மேல்நோக்கி நெருங்கி வளரும் அதன் 'ஃபாஸ்டிகியேட்டம்' ரகத்தை, இடம் குறைந்த தோட்டங்களுக்குப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். தோட்ட ஆலோசகராக நான் அடிக்கடி காணும் தவறு, ஒல்லியான மரம்தானே என்று எண்ணி, வீட்டுச் சுவரை ஒட்டியோ மின்கம்பியின் கீழோ அதை நட்டுவிடுவதுதான். இந்த ரகமும் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்து, 5 மீட்டர் வரை அகலக்கூடியது. கிளைகள் ஒடுங்கியிருப்பதால் வேர்களும் ஒடுங்கிவிடுவதில்லை. கட்டடத்திலிருந்து 6 மீட்டராவது தள்ளி, வெயில் நன்றாக விழும், நீர் தேங்காத இடத்தில் நடுங்கள்.

சதைப்பற்றுள்ள இதன் வேர்கள் அறுபட்டால் எளிதில் தேறுவதில்லை என்பதால், வசந்தத்தின் தொடக்கத்தில், கூடியவரை சிறிய கன்றாகவே நடுவது நல்லது. தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்க்கட்டியைச் சுற்றிப் பாருங்கள்: வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வளையமாகச் சுற்றியிருந்தால், அவற்றை மெதுவாகப் பிரித்து வெளிப்புறமாகப் பரப்பிய பிறகே குழியில் வையுங்கள். அடிமரம் அகன்று வேராகப் பிரியும் பகுதி மண்ணுக்கு மேல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண்ணை மூடும்படி இலைதழை போன்றவற்றைப் பரப்பி மூடாக்கு போடலாம், ஆனால் அது மரப்பட்டையைத் தொடக் கூடாது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உட்புற இலைகள் மஞ்சளாகி உதிர்வதைக் கண்டதும், நோய் என்று பயந்து உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது வறட்சியின் அடையாளமே. முதல் சில கோடைகளில், வாரம் ஒருமுறையாவது நீர் ஆழமாக இறங்கும்படி நிதானமாகப் பாய்ச்சினால் போதும்.

அசுவினிகள் எனும் சிறு பூச்சிகள் இலைகளின் அடியில் சாறு உறிஞ்சி வெளியேற்றும் பிசுபிசுப்பான இனிப்புத் திரவம் கீழே சொட்டும். அதன்மேல் கரும்பூசணமும் படரும். வளர்ந்த மரத்தை அது பெரிதும் பாதிப்பதில்லை. பொறிவண்டுகள் அசுவினிகளை உண்டு குறைத்துவிடும் என்பதால், மருந்து தெளித்து அவற்றையும் சேர்த்துக் கொல்லாதீர்கள். கார் நிறுத்தும் இடத்தை மட்டும் மரத்திலிருந்து விலக்கி வையுங்கள்.