சொல் விளக்கம்: பதுக்கை

அக்காவின் மகள் 6ஆம் தரம் படிக்கிறாள். போன வாரம் வரலாற்றுக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"மாமா, தம்புள்ளைப் பக்கம் இப்பன்கட்டுவையில பழங்காலத்துக் கல்லறை இருக்காம். எங்கட சேமக்காலையில இருக்கிற மாதிரியா?"

மட்டக்களப்பின் தாண்டவன்வெளியில் வளர்கிற பிள்ளை. நவம்பர் 2ஆம் திகதி பின்னேரம் சேமக்காலை முழுக்க மெழுகுதிரி எரிவதை ஒவ்வொரு வருசமும் பார்த்தவள். கல்லறை என்றதும் அவளுக்குச் சிமெந்துப் பெட்டியும் சிலுவையும்தான் கண்ணில் தெரியும். அவளில் பிழையில்லை. நாம் கொடுத்த சொல்லில்தான் பிழை.

மட்டக்களப்பில் இறந்தவர்களுக்குரிய இடத்தைச் சொல்லச் சொற்பஞ்சம் கிடையாது. இந்துக்களுக்குச் சுடலை, கத்தோலிக்கருக்குச் சேமக்காலை, முஸ்லிம்களுக்கு மையவாடி. எந்தச் சொல்லைச் சொன்னாலும் எப்படிப்பட்ட இடம், யாருடைய இடம் என்று கேட்கிறவருக்கு உடனே விளங்கிவிடும். இரண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திய இடம் என்று வரும்போது மட்டும் ஏன் எல்லாவற்றையும் கல்லறைக்குள் போட்டு மூடுகிறோம்? இல்லாவிட்டால் டொல்மன், சிஸ்ட் என்று அப்படியே எழுதிவிட்டுப் போகிறோம். இரண்டுக்கும் தமிழில் சொல் இருக்கிறது. அதில் ஒன்று இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் பாடம் நடத்தாமலே விளங்கக்கூடியது. அதுதான் பதுக்கை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் குழி வெட்டி, நாலு பக்கமும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்திப் பெட்டி போலாக்கி, அதற்குள் இறந்தவரின் எலும்பையோ எரித்த சாம்பலையோ வைத்து, கூடவே சட்டி முட்டி, மணிகள், இரும்புக் கருவிகள் வைத்து, மேலே ஒரு பெரிய மூடுகல்லைப் போட்டு மூடுவார்கள். இப்படிச் செய்த ஈமச்சின்னம்தான் பதுக்கை. கல்லால் ஆனது என்பதைச் சேர்த்துச் சொன்னால் கற்பதுக்கை. மேற்கில் சிஸ்ட் என்று எழுதுவது இதைத்தான். கிரேக்கத்தில் கிஸ்டே, இலத்தீனில் சிஸ்டா, இரண்டுக்கும் பெட்டி என்று பொருள். ஆங்கிலத்தில் பெட்டகத்தைச் செஸ்ட் என்கிறார்களே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழ்ச்சொல்லோ அந்த இடத்தில் நடந்த காரியத்தைச் சொல்கிறது.

பதுங்கு, பதுக்கு என்று சோடியாக வரும் வினைகளைப் பாருங்கள். ஒதுங்கு, ஒதுக்கு. அடங்கு, அடக்கு. தானாக ஒளிந்தால் பதுங்குதல், இன்னொன்றை ஒளித்து வைத்தால் பதுக்குதல். 2022இல் காஸுக்கும் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் 'கடைக்காரன் பதுக்கிறான்' என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்போம்! அதே பதுக்கு என்ற வினையோடு ஐ விகுதி சேர்ந்தால் பதுக்கை. பதுக்கி வைத்த இடம். இறந்தவரை நரியும் பருந்தும் தீண்டாமல் ஒளித்து வைத்த இடம். அடக்கு என்ற வினையிலிருந்து 'அடக்கம் செய்தல்' வந்ததுபோலத்தான் இதுவும். தமிழன் இறந்தவரைக் 'கிடத்தினான்' என்று மட்டும் சொல்லவில்லை, 'அடக்கினான்', 'பதுக்கினான்' என்றும் சொல்லியிருக்கிறான்.

பதுக்கை புதிதாக உருவாக்கிய கலைச்சொல் அல்ல. புறநானூற்றின் மூன்றாம் பாட்டிலேயே வருகிறது. பாலை வழியில் ஆறலைப்போர், அதாவது வழிப்பறிக்காரர், எய்த அம்பில் விழுந்தவர்களைப் பற்றி இரும்பிடர்த்தலையார் பாடுகிறார்:

அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கைத்
திருந்துசிறை வளைவாய்ப் பருந்திருந்து உயவும்

வம்பு என்றால் இங்கே புதுமை. புதிதாக எழுந்த பதுக்கையின் மேல் பருந்து வந்து இருக்கிறது. உள்ளே இருப்பது கிடைக்காமல் வருந்துகிறது. பதுக்கிய காரியம் பலித்துவிட்டது என்பதற்கு அந்தப் பருந்தே சாட்சி. இரண்டே அடிகளில் இதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை முறை வாசித்தாலும் அந்தப் பருந்திடம் வந்ததும் நான் ஒருகணம் நின்றுவிடுவேன்.

அகநானூற்றின் 109ஆம் பாட்டு 'உவலிடு பதுக்கை' என்கிறது. உவல் என்பது தழை, சருகு. புறநானூறு 264 'பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி' என்கிறது. பரல் என்பது பருக்கைக்கல். அந்தப் பாட்டில் பதுக்கை சேர்த்த பிறகு பூமாலையும் மயிற்பீலியும் சூட்டி, பெயர் பொறித்து, கல்லும் நடுகிறார்கள். அங்கே பதுக்கையும் நடுகல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. சங்கப் பாட்டுகளில் வருவது பெரும்பாலும் உடலின் மேல் தழையும் கல்லும் குவித்த மேடு. அந்தச் சொல்லைப் பலகைக் கல்லால் ஆன பெட்டிக்கு உரியதாக்கிக்கொண்டவர்கள் பிற்காலத் தொல்லியலாளர்கள். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். கல்லால் மூடி ஒளித்தல் என்ற உயிர்ப்பொருள் மாறவில்லை.

சரி, டொல்மன்? பிரான்சின் பிரெத்தன் மொழியில் தவோல் என்றால் மேசை, மேன் என்றால் கல். மேசைக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு எழுத்தாளர்கள் அதை எடுத்து உலகமெல்லாம் பரப்பினார்கள். இதுவும் பதுக்கையும் ஒன்றல்ல. பதுக்கை நிலத்துக்குள் இருக்கும். டொல்மன் நிலத்துக்கு மேலே, கற்கள் சுவராக நிற்க ஒரு கல் கூரையாகக் கிடக்கும். அதற்குத் தமிழ் திட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. இலங்கையில் கேகாலை மாவட்டத்துப் படியகம்பொலவில் ஒன்று இருக்கிறது. உள்ளே செல்ல வட்டமாகக் குடைந்த துளையும் சிலவற்றில் உண்டு, அதற்கு இடுதுளை என்று பெயர்.

இங்கே ஒரு எழுத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். கற்திட்டை என்று எழுதுகிறவர்கள் அதிகம். கல்லோடு தூண் சேர்ந்தால் கற்றூண். அதேபோலக் கல்லோடு திட்டை சேர்ந்தால் கற்றிட்டை. அது வாயில் நுழையவில்லை என்றால் கல்திட்டை என்று பிரித்தே எழுதலாம். இரண்டுங்கெட்டானாகக் கற்திட்டை வேண்டாம். கற்பதுக்கையில் இந்தச் சிக்கலே இல்லை. லகரம் பகரத்துக்கு முன்னால் றகரமாவது சொற்பொருள் என்பது மாதிரி இயல்பானது.

இன்னொரு எச்சரிக்கை நமக்கு மட்டும். கேரளத்துப் பக்கம் தொப்பி வடிவில் ஒரு கல் கவிழ்ந்திருக்கும் ஈமச்சின்னத்தைத் தொப்பிக்கல் என்பார்கள். அதை வாசித்துவிட்டு, சிங்களத்தில் தொப்பிகல என்று சொல்லும் நமது குடும்பிமலையோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அது மலை, இது சமாதி.

தாழிக்கு விளக்கமே தேவையில்லை. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல' என்று சொல்லாத வீடு ஏது? எருமைத்தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இன்றைக்கும் தயிர் மண்சட்டியில்தான் வருகிறது. தயிர் கடைந்த அதே பெயருள்ள பாண்டம், உருவில் பெருத்து, இறந்தவரை ஏந்தியது. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், எனக்கும் சேர்த்து இடங்கொள்ளும்படி 'ஈமத்தாழி அகலிதாக வனைமோ' என்று கேட்கும் புறநானூறு 256ஆம் பாட்டைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லி போலத் தன் கணவனோடு பல வழி வந்தவள் என்று தன்னைச் சொல்கிறாள். மணிமேகலை இன்னும் விரித்து, சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர், தாழியிற் கவிப்போர் என்று ஐந்து வழக்கங்களை வரிசையாகச் சொல்கிறது. ஒரே ஊரின் ஈமப்புறத்தில் ஐந்து முறை. மறுகா அந்த ஐந்தையும் நாம் கல்லறை என்ற ஒரே சொல்லால் எழுதலாமா?

இந்தத் தாழிகள்தான் இப்போது செய்திகளில் அடிக்கடி அடிபடுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிப்பு வந்தது. அதே இடத்து மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 3345 என்று காலம் கிடைத்ததை வைத்து, இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதைப் பற்றிய வாதம் அறிஞர்களிடையே நடந்துகொண்டிருக்கிறது. கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையின் தாழிகளில் எடுத்த இரண்டு மண்டையோடுகளிலிருந்து முகங்களை மீட்டுருவாக்கி அதே வருசம் காட்டினார்கள்.

அப்புறம் அந்தக் காலத்தின் பெயர். பெருங்கற்காலம் என்பது மெகாலித்திக் என்பதன் நேர் பெயர்ப்பு. கிரேக்கத்தில் மெகாஸ் பெரியது, லிதோஸ் கல். ஈமச்சின்னங்களைப் பெருங்கற்சின்னம் என்று சொல்வதில் குறையில்லை. காலத்துக்கே அந்தப் பெயரை வைத்தால்தான் இடிக்கிறது. கற்காலத்துக்குப் பெரியண்ணன் போல ஒன்று என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அந்த மக்கள் கல்லாயுதம் தூக்கித் திரிந்தவர்கள் அல்லர். இரும்பு உருக்கினார்கள், குளம் கட்டினார்கள், நெல் விதைத்தார்கள், குதிரை வளர்த்தார்கள். உட்புறமும் விளிம்பும் கறுப்பாக, வெளிப்புறம் சிவப்பாக இருக்கும் சட்டிகளைச் சுட்டார்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்பக்கம் கறுக்கும், நெருப்பும் காற்றும் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். ஒரே சூளையில் இரண்டு நிறம் வாங்கிய கை தேர்ந்த கை. புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் இவர்களுடைய ஈமக்காடு இருக்கிறது. அங்கே இருப்பவை தாழிகள். பெரிய கல்லே இல்லாத இடத்தையும் பெருங்கற்காலத்தில்தான் சேர்க்கிறோம்! ஆகவே காலத்துக்கு ஆதி இரும்புக்காலம் என்ற பெயரே பொருத்தம். நம் நாட்டு வரலாற்றாசிரியர்கள் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பிற நாட்டார் தங்கள் சொல்லை விட்டுக்கொடுப்பதில்லை. கொரியர்கள் டொல்மனைக் கோயின்தொல், அதாவது தாங்கி நிறுத்திய கல், என்கிறார்கள். 1638இல் நமது மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் நாட்டில் இப்படி 54 சின்னங்கள் நிற்கின்றன. அவற்றை ஹூனபெட், அரக்கர் படுக்கை, என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதே வகைச் சின்னத்தைக் குள்ளர் வீடு என்பார்கள். பெரிய கல்லைப் பார்த்தவர்கள் அரக்கனை நினைத்தார்கள், சிறிய அறையைப் பார்த்தவர்கள் குள்ளனை நினைத்தார்கள்.

நமக்கு அண்மையில் கதிரவெளி இருக்கிறது. கோறளைப்பற்று வடக்கில், பனிச்சங்கேணி தாண்டி, வெருகலுக்குப் போகிற வழியில். கிழக்கிலங்கையின் ஆதி இரும்புக்கால ஈமச்சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான். இப்பன்கட்டுவை போல அதுவும் கற்பதுக்கை வகை என்று சொல்லப்படும் இடம். இப்பன்கட்டுவை கி.மு. 700 முதல் 400 வரையிலான காலத்தது. 2017இல் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். குடும்பத்தோடு தம்புள்ளைக்குப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி இறங்கிப் பாருங்கள். விளிம்பில் நிற்கும் கற்பலகைகளையும் உள்ளே இறுக்கிக் கிடக்கும் பானைகளையும் பார்த்துவிட்டால் பதுக்கை என்ற சொல் தானாக வாயில் வரும்.

மருமகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. பதுக்கையின் படத்தைக் கீறிக் காட்டினேன். பக்கத்துக்கு ஒரு கல், மேலே ஒரு கல். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பதுங்குகுழி மாதிரி இருக்கு."

அவளுக்கு அது புத்தகச் சொல். சண்டை முடிந்த பிறகு பிறந்தவள். பதுங்குதல் உள்ளே போகிற ஆள் செய்வது, பதுக்குதல் மற்றவர்கள் செய்வது, ஒரே வேர் என்று சொன்னேன். கதிரையில் இருந்த அம்மா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். மாமரத்தடியில் நிலம் ஒரு பாய் அகலத்துக்கு இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது.

"90ஆம் ஆண்டு உங்கட அப்பப்பாவும் அம்மப்பாவும் சேர்ந்து வெட்டினது புள்ள. மேல தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டம். உங்கட அம்மா அப்ப சின்னப்பிள்ளை, மடியில வச்சிருந்தன்."

பிள்ளை குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"வாசல் எந்தப் பக்கம் அம்மம்மா?"

"கிணத்தடிப் பக்கம்," என்றார் அம்மா.

உள்ளே வந்து கொப்பியில் கல்லறை என்பதை வெட்டிவிட்டுக் கற்பதுக்கை என்று எழுதினாள். படத்தின் ஒரு பக்கத்துக் கல்லில் சின்னதாக ஒரு வட்டத் துளையையும் கீறினாள்.