தாழ்த்தேற்றம்: ஏறுவது எது, தாழ்வது எது?

ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்ற இரண்டையும் சேர்த்துக் கட்டிய சொல் தாழ்த்தேற்றம். இலங்கையில் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு இது பழகின சொல்தான். தமிழ்நாட்டுப் பாடக் காணொளி ஒன்றைத் திறந்தால்தான் தலை சுற்றும். அங்கே ஒட்சியேற்றம் ஆக்சிஜனேற்றமாகவும் தாழ்த்தல் ஒடுக்கமாகவும் இருக்கும். அயன் அயனி, இலத்திரன் எலக்ட்ரான், சேர்வை சேர்மம், தாக்கம் வினை. பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றுதான்.

முதலில் ஒட்சிசன். பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே 1770களில் வைத்த பெயர் இது. 'ஒக்சிஸ்' என்றால் கிரேக்கத்தில் புளிப்பு. ஒட்சிசன் என்றால் புளிப்பை, அதாவது அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கும் என்று அவர் நம்பினார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே கிடையாது என்பது பிறகு தெரியவந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த வாயுவோடு சேர்வதை ஒட்சியேற்றம் என்றார்கள். தாழ்த்தலுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள சொல் 'திருப்பிக் கொண்டுவருதல்' என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது: தாதுவை மறுபடி உலோகமாக்குவது.

இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல்தான். அதற்குப் பிறகு இந்தச் சொற்களின் பொருள் விரிந்தது. இலத்திரனை இழந்தால் ஒட்சியேற்றம், பெற்றால் தாழ்த்தல். ஒட்சிசன் அங்கே இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே 'உயிர்வளியேற்றம்' என்ற தனித்தமிழ்ச் சொல்லில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஒட்சிசனை விட முடியாத பழைய பொருளையே அது இன்னும் அழுத்திச் சொல்கிறது.

பெறுவதைப் போய் 'தாழ்த்தல்' என்பானேன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாழ்வது ஒட்சியேற்ற எண், அதாவது ஓர் அணு எத்தனை இலத்திரனை இழந்தது அல்லது பெற்றது என்று கணக்கு வைக்கும் எண். இலத்திரன் மறை (−) ஏற்றம் கொண்டது. அது வந்து சேர்ந்தால் எண் இறங்கத்தானே வேண்டும்? நம்முடைய பாடநூல் தமிழில் 'ஏற்றம்' என்றால் மின்னேற்றமும்தான் என்பது இங்கே நல்ல வசதி. சோடியமும் குளோரினும் சேர்ந்து உப்பாகும்போது சோடியம் 0இலிருந்து +1க்கு ஏறுகிறது, குளோரின் 0இலிருந்து −1க்குத் தாழ்கிறது. ஒன்று விட்ட இலத்திரனை மற்றது வாங்கிக்கொள்கிறது. இப்படி ஏற்றம் பெற்ற துணிக்கைதான் அயன். 1834இல் பரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'செல்வது' என்று பொருள். மின்பகுப்பில் முனைகளை நோக்கிச் செல்வதால் அந்தப் பெயர்.

மூலகங்களிலிருந்து நேரடியாக ஓர் அயன் சேர்வை உண்டானால் அங்கே தாழ்த்தேற்றம் நடந்திருக்கும். அதற்காக அயன் சேர்வை பங்குபற்றும் தாக்கமெல்லாம் தாழ்த்தேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. பரீட்சையில் புள்ளி போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இலைக்கருகல் நோய் பெரிய தலைவலி. அதற்கு உலகமெங்கும் பழைய மருந்து போர்டோ கலவை; மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்புப் பாலையும் சேர்த்துச் செய்வது. மயில்துத்தம் என்பது செப்பு சல்பேற்று. இரண்டும் கலந்ததும் இளநீலமாக வீழ்படிவு இறங்கும். நிறம் மாறுகிறது, புதிய சேர்வை வருகிறது, ஆனால் தாழ்த்தேற்றம் இல்லை. செம்பு முன்னும் +2, பின்னும் +2. அயன்கள் சோடி மாறின, அவ்வளவுதான்.

சரி, சுண்ணாம்பு போதுமா என்று எப்படிப் பார்ப்பது? துருவில்லாத ஓர் இரும்புக் கத்தியை, கவ்வாத்துக் கத்தியானாலும் சரி, சற்று நேரம் கலவையில் அமிழ்த்தி எடுப்பார்கள். அலகில் செம்பு நிறம் பூசினாற்போல் ஏறியிருந்தால் செப்பு அயன் இன்னும் கரைந்தே கிடக்கிறது, அடித்தால் இலை கருகும், சுண்ணாம்பு கூட்ட வேண்டும். அலகில் நடந்தது அசல் தாழ்த்தேற்றம்: இரும்பு இரண்டு இலத்திரனை விட்டு +2 அயனாகக் கரைந்தது, செப்பு அயன் அவற்றை வாங்கிச் செம்பாகப் படிந்தது. இரும்பு வாளியில் இந்தக் கலவையைக் கரைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

தேயிலையில் கதை மறுபக்கம். அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பு நிறமாவதை 'நொதித்தல்' என்கிறோம். உண்மையில் கலங்கள் உடைந்து, இலையிலுள்ள பொலிபீனோல்கள் என்ற சேர்வைகள் அதே இலையின் நொதியத்தால் (தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதத்தால்) காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கம் புரிகின்றன. கள்ளு நொதிப்பது போல நுண்ணுயிர் செய்யும் வேலை அல்ல அது. நிறமும் சுவையும் தரும் அந்தப் புதிய பொருட்கள் அயன் சேர்வைகளும் அல்ல. பெக்டரியில் என்ன பெயர் சொன்னாலும் விடைத்தாளில் ஒட்சியேற்றம் என்றே எழுதலாம்.