‘தணிக்கை’ அல்ல, ‘நிலுவை’

போர்நிறுத்தம் எத்தனை நாள் தாங்கும், எதனால் முறியும் என்று தரவை வைத்து ஆராயும் தமிழ்க் கட்டுரைகளில் ‘வலப்பக்கத் தணிக்கை செய்யப்பட்ட தரவு’ என்ற தொடர் ஓயாமல் வருகிறது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளின் நோட்டிலும் ஏறிவிட்டது. பிழையான சொல்.

ஆங்கிலத்தில் சென்சாரிங். பழைய ரோமில் குடிக்கணக்கும் ஒழுக்கமும் பார்த்த அதிகாரியின் பதவிப் பெயரிலிருந்து வந்தது. புள்ளியியலில் பொருளே வேறு: கணக்கை மூடும் நாளில் நிகழ்வு இன்னும் நடக்கவில்லை, ‘இத்தனை நாளுக்கு மேல்’ என்பது மட்டும் தெரியும். நாள்கோட்டின் வலக்கோடி தெரியாததால்தான் ‘வலப்பக்க’.

காசிமேட்டு விசைப்படகுகள் கடலில் எத்தனை நாள் தங்குகின்றன என்று எண்ணுகிறோம் என்று வையுங்கள். பன்னிரண்டாம் நாள் நோட்டை மூடும்போது இரண்டு படகு கரை திரும்பவில்லை. அவற்றை யார் தணிக்கை செய்தார்கள்? 1953 ஜூலை 27-இல் கையெழுத்தான கொரியப் போர்நிறுத்தமும் அப்படித்தான், இன்னும் கரைக்கு வராத படகு.

சொல் பிசகினால் கணக்கும் பிசகும். பத்துப் போர்நிறுத்தங்களில் 30-ஆம் நாள் இரண்டு முறிகின்றன. மூன்று புதியவை, 60 நாள் தாங்கிய நிலையில் நம் கவனிப்பு முடிகிறது. 90-ஆம் நாள், மீதி ஐந்தில் ஒன்று முறிகிறது. 30-ஆம் நாளைத் தாண்டியவை பத்தில் எட்டு, 90-ஆம் நாளைத் தாண்டியவை அப்போது கவனிப்பில் இருந்த ஐந்தில் நான்கு. சரியான கணக்கு 8/10 × 4/5, அதாவது 90 நாளுக்கு மேல் 64 விழுக்காடு தாங்கும். ‘தணிக்கை’ என்றதும் கழிக்கப்பட்டவை என்று நினைத்து அந்த மூன்றையும் தூக்கிவிட்டால் 4/7, ஏறத்தாழ 57. முறிந்ததாகவே எழுதிவிட்டால் 40.

இதைவிட மோசம், போர்ச் செய்தியில் உண்மையான தணிக்கையும் உண்டு. ‘தணிக்கை செய்யப்பட்ட போர்நிறுத்தத் தரவு’ என்றால் அரசு எதையோ மறைத்தது என்றுதான் எவரும் படிப்பார். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர் துறை நூலில் ஒரு பக்கமாவது புரட்ட வேண்டாமா? ‘துண்டித்த தரவு’ என்பாரும் உண்டு. அதுவும் ஆகாது, அளவு வரம்புக்கு வெளியே இருப்பவற்றை அறவே சேர்க்காமல் விடுவதற்கு அந்தச் சொல் வேண்டும்.

நம்மிடம் ‘நிலுவை’ இருக்கிறது. பாரிமுனை நீதிமன்றத்தில் தீர்ப்பாகாத வழக்கு நிலுவை, கடைக் கணக்கில் வராத பாக்கி நிலுவை. முடியவில்லை, ஆனால் கணக்கில் இருக்கிறது. ‘நிலுவைத் தரவு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

2002 பிப்ரவரி 22-இல் கையெழுத்தான இலங்கைப் போர்நிறுத்தத்தை 2005 இறுதியில் கணக்கு மூடுபவர் ‘நிலுவை’ என்று குறிக்க வேண்டும். அதற்குப் பின்னும் எண்ணுபவர், பெருஞ்சண்டை மூண்ட 2006-ஐ முறிவாகக் கொள்வதா, முறைப்படி முடிந்த 2008 ஜனவரி 16-ஐயா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும்.