பூனையின் அரிப்பும் ஒவ்வாமையும்: எங்கிருந்து தொடங்குவது?

வயிற்றிலும் பின்தொடையின் உட்புறத்திலும் முடியற்றுப்போன பூனையைக் கொண்டுவருபவர்களில் பலர், சத்துக் குறைவால் முடி கொட்டுகிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்த முடி தானாக உதிர்வதில்லை. அரிப்புத் தாங்காமல் பூனையே, ஆள் பார்க்காத நேரத்தில், நக்கி நக்கி முறித்துவிடுகிறது. நாலைந்து முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்தால் நுனிகள் முறிந்திருப்பது தெரியும். சில பூனைகளுக்கு முதுகெங்கும் தினையளவுப் பொருக்குகள் தட்டுப்படும். சில, முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரச் சொறிந்துகொள்ளும். சிலவற்றுக்கு மேலுதட்டில் புண் வரும். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒவ்வாமை இருக்கலாம். படர்தாமரையும் சொறிப்பூச்சியும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால், அவை இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்கிறோம்.

அடுத்து, "ரத்தம் எடுத்து அலர்ஜி டெஸ்ட் பார்த்துவிடலாமே" என்கிறார்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நலமாக உள்ள பூனைக்கும் அதில் 'உண்டு' என்று வரும். ஆகவே ஒவ்வொரு காரணமாக விலக்கிக்கொண்டே போவதுதான் வழி. அதில் முதலாவது தெள்ளுப்பூச்சி.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் டெல்டாவின் தட்பவெப்பம் தெள்ளுப்பூச்சிக்கு மிகவும் உகந்தது. நக்கும்போது பூனை அதை விழுங்கிவிடுவதால், உடம்பில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பூனை மேல் தங்குவதில்லை. அது படுக்கும் சாக்கிலும் தரை இடுக்கிலும்தான் இருக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். எனவே வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும், நாய் இருந்தால் அதற்கும், குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்திட வேண்டும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்ததாக இருந்தால் வலிப்பு வந்து உயிரே போய்விடும். கற்பூரம் கலந்த எண்ணெயும் பூனைக்கு நஞ்சு.

தெள்ளு ஒழிந்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால், உணவுச் சோதனை. பூனை இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியையோ, புரதம் நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவையோ மட்டும் எட்டு வாரம் தர வேண்டும். நம் ஊரில் கடினமான கட்டம் இதுதான். எலிக்காக வளர்க்கும் பூனை வயலுக்குப் போகும். பக்கத்து வீட்டில் மீன் தலை கிடைக்கும். பாட்டி இரக்கப்பட்டு ஒரு கை பால்சோறு வைப்பார். மீன், கோழி, மாட்டிறைச்சி ஆகியவையே அதிகம் ஒத்துக்கொள்ளாதவை என்பதால், அந்த ஒரு மீன் தலையே சோதனையைக் கெடுத்துவிடும். அந்த எட்டு வாரமும் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா என்று வீட்டார் எல்லோரும் கலந்து பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. புது உணவைத் தொடவில்லை என்று பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. அரிப்புத் தணிந்தபின் பழைய உணவைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அது திரும்பினால்தான் நோய் உறுதியாகிறது.

இரண்டும் இல்லை என்றானபின் எஞ்சுவது தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை. ரத்தப் பரிசோதனையும் தோல் ஊசிப் பரிசோதனையும் இங்கேதான் பயன்படும், அதுவும் ஒவ்வாமைத் தடுப்பூசியில் எதைச் சேர்ப்பது என்று தெரிவு செய்வதற்கு. அதன் பலன் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ, நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தோ கைகொடுக்கும்.

வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. அரிப்பு உடனே நிற்கும் என்பது உண்மை. ஆனால் சில பூனைகளுக்கு அதனால் நீரிழிவும் இதயச் செயலிழப்பும் வருகின்றன, போட்ட ஊசியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அத்தகைய ஊசி போட்ட பூனை வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எந்த மருந்து எந்தத் தேதியில் போடப்பட்டது என்ற சீட்டுடன் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.